திண்ணைச் சுவரில் உப்புப் பூக்கிறது, பெயின்ட் நிற்கவில்லை

வணக்கம். வீடு பாளையங்கோட்டையில், மேற்குப் பார்த்த வாசல். முன்னால் காவித் தரை போட்ட திண்ணை. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, பெயின்ட் பாளம் பாளமாக உரிகிறது. தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். பூச்சு மணலாக உதிரும். கோடையில் அடங்கியதுபோல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுச் சுவர் காயும்போது மறுபடி ஆரம்பம்.

பொங்கலுக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வாசலை ஆக்க ஆசை. தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்ததில் பழைய சிவப்பு வந்துவிட்டது. மணி பிளான்ட் சாயங்கால வெயிலில் கருகியதால் அடீனியம் வைத்தேன், ஜோராகப் பூக்கிறது. சுவர்தான் மானத்தை வாங்குகிறது.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, பட்டி பார்த்து, பிரைமரும் எமல்ஷனும் அடித்தாயிற்று. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் கடையில் சொன்ன வாட்டர்புரூஃப் பெயின்ட்; உப்பு அதற்கும் மேலே ஒரு சாண் ஏறிவிட்டது. குழாய்க் கசிவு இல்லை, பார்த்துவிட்டோம். டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார் கொத்தனார். திண்ணை பாத்ரூம் மாதிரி ஆகிவிடும், வேண்டாம்.

கெட்டுப்போன சிமென்ட் பூச்சை மட்டும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, மேலே வெள்ளையடித்தால் நிற்குமா? உங்கள் வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.