பள்ளிவாசல் பெயருக்கு ஆங்கிலத்தில் எங்கே கப்பிட்டல் (பெரிய எழுத்து), எங்கே சிம்பிள் (சின்ன எழுத்து)? உதவுங்கள்

சோனகதெருப் பேத்தி:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதை உம்மா சொல்லச் சொல்ல எழுதி, வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காக இப்போது ஆங்கிலத்தில் சின்னப் புத்தகமாக்குகிறேன். பள்ளிவாசல் வராத பக்கமே இல்லை. மொஸ்க் என்று வந்த இடமெல்லாம் பெரிய 'எம்' போட்டேன், அல்லாஹ்வின் வீட்டை எப்படிச் சிம்பிளில் எழுதுவது? அச்சகத்தில் பிழை பார்த்தவர் எல்லாவற்றையும் சிம்பிளாக்கிவிட்டார். 37ஆம் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனையால் 11 வெட்டு. யார் சரி?

கொக்குவில் ஆசிரியர்:
பிள்ளை, இரண்டு பேரும் பாதிதான் சரி. அந்தக் கப்பிட்டல் மரியாதைக்குரியது இல்லை, பெயருக்குரியது. தமிழில் 'வந்தார்' என்று மரியாதை காட்டுகிறோமே, அந்த வேலையை ஆங்கிலத்தில் 'எம்' செய்யாது. முஹம்மதியா ஜும்ஆ மொஸ்க் என்று முழுப்பெயராக வந்தால் மூன்று சொல்லுக்கும் கப்பிட்டல். 'உம்மா மொஸ்க்குக்குப் பக்கத்தில் இருந்தார்' என்றால் சிம்பிள், எந்தப் பள்ளி என்று வாசிப்பவருக்குத் தெரிந்தாலும் சிம்பிள்தான். நல்லூர் கந்தசுவாமி டெம்பிளுக்கும் இதே கணக்கு, நாங்கள் டெம்பிளுக்குப் போனோம் என்றால் அங்கேயும் சின்ன 'டி'.

சோனகதெருப் பேத்தி:
இப்போது மனம் ஆறுது சேர். அப்புறம், பெரிய முஹிதீன் ஜும்ஆப் பள்ளிவாசலில் 'பெரிய' என்பது பெயரா, அடைமொழியா? உம்மா வெறுமனே 'பெரிய பள்ளி' என்றுதான் சொல்லுவார்.

புத்தளம் நானா:
தங்கச்சி, பள்ளியின் போர்டில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதில் 'பெரிய' இருந்தால் அது பெயரின் பகுதி, 'பி' கப்பிட்டல். ஊர் வைத்த பெயரும் பெயர்தான். கொழும்பு புறக்கோட்டையில் ஜாமி உல் அல்ஃபாரை உலகமே ரெட் மொஸ்க் என்கிறது, அதற்கு 'ஆர்', 'எம்' இரண்டும் கப்பிட்டல். ஆனால் எங்கோ ஒரு பள்ளிக்குச் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்றால் அது வெறும் நிறம், இரண்டும் சிம்பிள். ஃப்ரைடே மொஸ்க் என்று பொதுவாகச் சொன்னால் கிழமைக்கு மட்டும் கப்பிட்டல். அல் அக்ஸாவில் 'அல்' வசனத்தின் நடுவே சிம்பிள், வசனத் தொடக்கத்தில் கப்பிட்டல்.

சோனகதெருப் பேத்தி:
இரண்டு பள்ளிகளையும் சேர்த்து 'முஹிதீன், முஹம்மதியா மொஸ்க்ஸ்' என்று எழுதினால்?

கொக்குவில் ஆசிரியர்:
அதில் ஆங்கிலக்காரரே ஒத்துப்போவதில்லை. அசோசியேட்டட் பிரஸ், சிகாகோ என்று இரண்டு ஆங்கில எழுத்துநடைக் கையேடுகள் இருக்கின்றன: அசோசியேட்டட் பிரஸ் முறையில் மொஸ்க்ஸ் சிம்பிள், சிகாகோ முறையில் கப்பிட்டல். ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை மாற்றாமல் போங்கள்.

சோனகதெருப் பேத்தி:
சரி, சிம்பிளையே பிடிக்கிறேன். 37ஆம் பக்கத்தை இப்போதுதான் முடித்தேன்: 8 'எம்' சிம்பிளிலேயே இருக்கட்டும், பெயரோடு வந்த 3 திரும்பக் கப்பிட்டல். உம்மாவின் 'பெரிய பள்ளி'யை மொழிபெயர்க்கவில்லை, அவர் சொன்னபடியே ஆங்கில எழுத்தில் விட்டிருக்கிறேன், இரண்டு 'பி'யும் கப்பிட்டல்.