இரண்டு எழுத்து ஆறான கதை

சியோலில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வடிவமைப்புப் பிரிவிலிருந்து ஒரு ஜிப் (சுருக்கிய கோப்புத் தொகுப்பு) வந்தது. என் கணினியில் திறந்தால் கோப்புப் பெயரெல்லாம் உதிரி உதிரியாகக் கிடக்கிறது. 'ஹங்குல்' (கொரிய எழுத்துமுறையின் பெயர்) என்பதைக் கொரியர்கள் ஹன், குல் என்று இரண்டே கட்டமாக எழுதுவார்கள். எனக்கு வந்ததோ ஆறு துண்டு. (அந்தக் 'குல்'லில் வரும் உகரம் நம் குற்றியலுகரம் மாதிரி ஒலிக்கும். அதை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டேன்.)

ஃபாண்ட்தான் காரணம் என்று அரை நாள் வீணாக்கினேன். பிரச்சினை அதில் இல்லை. கொரியத்தில் ஒரு கட்டம் என்பது ஓர் அசை: ஒரு முதலெழுத்து, ஓர் உயிர், சிலவற்றில் ஓர் இறுதி எழுத்தும். முதலெழுத்து 19, உயிர் 21, இறுதி எழுத்து 27. இறுதி இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. பெருக்கினால் 11,172 அசைகள். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் தனி எண், 44032 முதல் 55203 வரை. அட்டவணைகூட வேண்டாம். முதலெழுத்தின் வரிசை எண்ணை 21-ஆல் பெருக்கி உயிரைக் கூட்டு, அதை 28-ஆல் பெருக்கி இறுதியைக் கூட்டு, 44032 சேர். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 'ஹன்' 18, 0, 4. விடை 54620. இவ்வளவு அழகான கணக்கை வேறு எந்த எழுத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் துண்டுகளுக்கும் தனி எண்கள் உண்டு. அனுப்பியவர் கணினி பெயரை அப்படி உடைத்துச் சேமித்திருந்தது. யூடிஎஃப்-8இல் (அந்த எண்களைப் பைட்களாகச் சேமிக்கும் முறை) 6 பைட் வரவேண்டிய சொல் 18 பைட். தேடினால் சிக்கவே இல்லை. கடைசியில் துண்டுகளை ஒட்டி ஒரே வடிவமாக்க ஒரு வரி நிரல் போதுமாக இருந்தது. நம் 'கொ'விலும் இதே கதைதான்: கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம், ஒரே குறியாகவும் வரலாம். எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

பதில்:

அண்ணா, உங்களுக்குத் துண்டாகவாவது வந்தது. எனக்கு எழுத்தே வரவில்லை! பழைய வாடிக்கையாளர் பட்டியலை மாற்றும் வேலை. கணினி எழுத்துகளுக்கான 1987 கொரியத் தரத்தில் 2,350 அசைகள்தான் இருந்தன. மீதி 8,822-ஐ விண்டோஸ் 95 கிடைத்த இடைவெளிகளில் செருகியது. அதனால் அகரவரிசை குலைந்தது. யூனிகோடும் 1996இல் 2.0 பதிப்பில் கொரிய அசைகளை மொத்தமாக வேறு இடத்துக்குக் குடிபெயர்த்தது. அப்புறம்தான் கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்ற விதி வந்தது.

எங்கள் பட்டியலில் ஒரு அம்மாவின் பெயரில் நடு எழுத்து கேள்விக்குறி. 2,350க்குள் அந்த அசை இல்லை. எந்த நிரலாலும் மீட்க முடியாது. போன் செய்தேன். எழுத்துக் கூட்டிச் சொன்னார், கையால் தட்டினேன். "பேங்கிலும் இப்படித்தான்" என்றார்.