நவம்பர் 1-ஆ, ஜனவரியா: அமெரிக்கக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பது?

கயல்: பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் இளங்கலை படிக்க ஆசை. ஒரு கல்லூரி ரொம்பப் பிடித்திருக்கிறது. அங்கே எர்லி டிசிஷன் என்ற முன்சுற்றுக்கு (இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும்) நவம்பர் 1 கடைசி, சாதாரணச் சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். நிதியுதவி இல்லாமல் போக வழியில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் மதிப்பெண் சுமார்தான். டிசம்பரில் மறுபடி எழுதலாம் என்றிருக்கிறேன். முந்திக்கொள்வதா, பொறுப்பதா?

முதல்மணி: முந்திக்கொள் தங்கச்சி. டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துவிடும். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் சீக்கிரம் வரும், விசா நேர்காணலுக்கும் முன்னதாகவே தேதி எடுக்கலாம். 2025 மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய தேதி தருவதையே மூன்று வாரம் போல நிறுத்திவைத்தார்கள். முன்பே தேதி வாங்கியவர்கள் தப்பித்தார்கள், மற்றவர்கள் தவித்தார்கள். இடம் கிடைக்கும் விகிதமும் முதல் சுற்றில்தான் அதிகம்.

வேகத்தடை: அந்த விகிதத்தை அப்படியே நம்பாதீர்கள். விளையாட்டு அணிக்கு ஏற்கெனவே பேசிவைத்த பிள்ளைகளும், அங்கேயே படித்தவர்களின் வாரிசுகளும் குவிவது அந்தச் சுற்றில்தான். அவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அப்புறம், எர்லி டிசிஷன் என்பது ஒப்பந்தம் கயல். நீங்கள், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். எந்தக் கல்லூரி எவ்வளவு தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பே போய்விடும்.

முதல்மணி: உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். யாரும் ஜெயிலில் போட மாட்டார்கள்.

வேகத்தடை: விலகலாம், சரி. அதற்குள் டிசம்பர் முடியப்போகும். மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளை அந்தச் சில நாளில் எப்படி எழுதுவது?

முதல்மணி: நவம்பரிலேயே எழுதி வைக்க வேண்டியதுதான். ஒரே விண்ணப்பத்தை நம்பி உட்கார்ந்திருக்க நான் சொல்லவில்லையே.

தேன்மொழி: முன்சுற்று என்றாலே கையைக் கட்டிப்போடுவது என்று இருவரும் பேசுகிறீர்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் அப்படி இல்லை. வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்சுற்றில் போடாதே என்பார்கள், அவ்வளவுதான். இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். இந்த மூன்றும், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத் போன்ற சிலவும் வெளிநாட்டு மாணவருக்குக் கூட பணத்தேவையைப் பார்க்காமல்தான் இடம் தருகின்றன. பெரும்பாலான கல்லூரிகள் பார்க்கும். அங்கே ஒரு சிக்கல் உண்டு: சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், பல கல்லூரிகளில் படிப்பு முடியும்வரை கேட்க முடியாது. “இப்போது வேண்டாம் என்று போடு, உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதே கயல்.

முதல்மணி: அது நியாயம். ஆனால் அப்படிப்பட்ட கல்லூரியில் வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் பணமே அளவானது. ‘நீங்கள்தான் என் முதல் விருப்பம்’ என்று கையெழுத்துப் போட்டு வருகிற பிள்ளைக்குக் கொடுப்பார்களா, மார்ச்சில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கா?

வேகத்தடை: அந்த அளவான பணத்துக்குச் சுமாரான மதிப்பெண்ணோடு போய் நின்றால் என்ன ஆகும்? முன்சுற்றில் மறுத்துவிட்டால் அதே கல்லூரிக்கு ஜனவரியில் மறுபடி போட முடியாது. டிசம்பர் தேர்வு நவம்பர் விண்ணப்பத்துக்கு உதவவும் போவதில்லை.

கயல்: ஒரு வருடம் பொறுத்துவிட்டு அடுத்த ஆண்டு போட்டால்?

வேகத்தடை: தாராளமாக. இறுதி மதிப்பெண் கையில் இருக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் பள்ளியை விட்டு வருமுன்பே ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தேன்மொழி: அந்த வருடத்தில் வேறெங்காவது பட்டப்படிப்பில் சேர்ந்துவிடாதே. சேர்ந்தால் பல இடங்களில் உன்னை மாற்றுச் சேர்க்கை (வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும்) மாணவியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த வழியில் வெளிநாட்டவருக்கு உதவி ரொம்பக் குறைவு.

முதல்மணி: ஒரு வருடம் சும்மா இருந்தது ஏன் என்று விசா அதிகாரி கேட்பாரே.

தேன்மொழி: கேட்கட்டும். சொல்ல ஏதாவது உருப்படியாகச் செய்திருந்தால் போதும்.

கயல்: அப்போ நவம்பர் வேண்டாம் அக்கா. டிசம்பர் தேர்வை எழுதிவிட்டு ஜனவரியில் போடுகிறேன். எதுவும் அமையாவிட்டால்தான் அடுத்த வருடம்.

முதல்மணி: உன் இஷ்டம். ஆனால் நிதியுதவி கேட்டு நிரப்பும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவம் அக்டோபர் 1-லேயே திறந்துவிடும், அதையும் ஜனவரிக்குத் தள்ளாதே. அப்பா அம்மாவின் வருமானக் கணக்கைத் திரட்டவே வாரக்கணக்கில் இழுக்கும்.