தந்தின்னா டீக்கடை, இந்துன்னா மயிலாப்பூர்: பேப்பரை வைத்து ஆளைக் கணிப்பது பற்றித் தொழிலில் இருப்பவர்களின் பகிர்வு

லைன் ஏஜென்ட்

எல்லாருக்கும் மனப்பாடமான பட்டியல்தான். தந்தி வாங்கினால் சலூன் அல்லது ஆட்டோ ஸ்டாண்ட். தினமணி என்றால் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். தினமலர் என்றால் கோயில் குளம் என்று இருப்பவர். இந்து என்றால் ஃபில்டர் காபி மாமா, இல்லையென்றால் ஐஏஎஸ் கனவில் இருக்கும் பையன். கட்சிப் பேப்பரான முரசொலியோ தீக்கதிரோ கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு அபார்ட்மெண்டில் எந்தக் கதவுக்கு எந்தப் பேப்பர் என்று நாங்கள் எழுதி வைக்கும் லைன் நோட்டைப் புரட்டினால் இதில் பாதி உதிர்ந்துவிடும். ஒரே கதவுக்கு இங்கிலீஷ் ஒன்று, தமிழ் ஒன்று என்று இரண்டு பேப்பர் போகும் வீடுகள் ஏராளம். பில் ஒருவர் பேரில். உள்ளே எதை யார் எடுக்கிறார் என்பது பேப்பர் போடுகிறவருக்குத் தெரியாது.

பேப்பரை மாற்றச் சொல்கிறவர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் கொள்கை அல்ல. நேரம் அல்லது இணைப்பு. ஞாயிறு இணைப்பு முன்கூட்டியே அச்சாகித் தனிக் கட்டாக வரும். மெயின் பேப்பர் விடியற்காலையில் வந்ததும் பஸ் ஸ்டாண்ட் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் கையால் சொருக வேண்டும். அவசரத்தில் ஒன்றில் இரண்டு போய்விடும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. மெயின் பேப்பர் அரை மணி தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள். வாரமலர் விடுபட்டால் உடனே போன் வரும். அந்த போனைப் போடுகிறவர்தான் அந்த வீட்டில் எந்தப் பேப்பர் என்று முடிவு செய்கிறவர். பட்டியலில் அவருக்கு இடமே கிடையாது.

டீக்கடை பெஞ்ச்

டீக்கடைத் தந்தி வாசகர் என்று சொல்லப்படுகிறவர் தந்தியை வாங்குவதே இல்லை. வாங்குகிறவர் கடைக்காரர். அவர் பார்ப்பதும் தன் ரசனையை அல்ல: எந்தக் கட்சிக்காரரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகாத பேப்பர் வேண்டும், அவ்வளவே. கட்சிப் பேப்பரைப் பெஞ்சில் போட்டால் எதிர்க்கட்சி டீ அடுத்த கடைக்குப் போய்விடும்.

போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. 16 பக்கப் பேப்பர் என்பது 4 தாள். வெளித்தாளில் 1, 2, 15, 16. அடுத்ததில் 3, 4, 13, 14. பிறகு 5, 6, 11, 12. நடுவில் 7, 8, 9, 10. பிரித்துப் போட்டால் ஒரே நேரத்தில் நாலு பேர் படிக்கலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், முதல் பக்கச் செய்திக்கு ‘தொடர்ச்சி 13-ஆம் பக்கம்’ என்று போட்டிருக்கும்போது. அந்தத் தாள் எதிர் பெஞ்சில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், கேட்டால் பேச்சு, பேச்சு வந்தால் இன்னொரு டீ. கடைக்காரருக்கு நஷ்டமில்லை.

தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைக்கும் கடைகளும் உண்டு. தாள் தொலையாது; ஆனால் ஒரே ஆள் மொத்தப் பேப்பரையும் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் எழுந்திருக்க மாட்டார். ஸ்டேப்ளர் பின் இல்லையென்றால் பத்து மணிக்குள் நடுத்தாள் வடை மடிக்கப் போயிருக்கும். (மை எண்ணெயில் கரைந்து வடையில் ஏறும். பேப்பரில் தின்பண்டம் மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்திவிட்டது. கடையில் அதைப் படித்தவர்களும் வடையைப் பேப்பரில்தான் வாங்குகிறார்கள்.)

விளம்பர முகவர்

சட்ட அறிவிப்பு போடுகிறவர்களுக்கு இந்த முத்திரை விளையாட்டு உதவாது. கடன் கட்டாத சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால், 2002-ஆம் ஆண்டு விதிப்படி 7 நாளுக்குள் இரண்டு முன்னணிப் பேப்பரில் அறிவிக்க வேண்டும். அதில் ஒன்று அந்த வட்டாரத்தில் போதுமான விற்பனை உள்ள உள்ளூர் மொழிப் பேப்பராக இருக்க வேண்டும். கோர்ட் சம்மன் நேரில் சேராமல் பேப்பர் வழியாகப் போகும்போதும் அப்படித்தான்: பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த பகுதியில் ஓடும் நாளிதழ் என்பதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கணக்கு. ‘அவர் படித்தவர், இங்கிலீஷ் பேப்பரே போதும்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு பேப்பரில் அல்ல, பதிப்பில். சொத்து நாகர்கோவிலில் இருக்கும், விளம்பரம் சென்னைப் பதிப்பில் வந்திருக்கும். அதைக் காட்டி எதிர்த்தரப்பு ஆட்சேபம் போடலாம். புக் செய்யும்போது பதிப்பின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளியான அன்று முழுப் பக்கமாக இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். வெட்டின துண்டில் தேதியும் பதிப்பும் இருக்காது. வரி விளம்பரத்துக்கு வரிக் கணக்கு, கட்டம் போட்ட விளம்பரத்துக்குச் சதுர செ.மீ. கணக்கு, ‘காணவில்லை: அசல் பத்திரம்’ போன்றவற்றில் சர்வே எண் ஒரு இலக்கம் மாறினாலும் மறுபடி காசு கொடுத்துப் போட வேண்டியதுதான்.

பழைய பேப்பர் எடைக்கல்

அந்தஸ்து வேறுபாடு கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் எங்கள் தராசுதான். பல கடைகளில் இங்கிலீஷ் பேப்பருக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை, தமிழ்ப் பேப்பருக்குக் கொஞ்சம் குறைவு. வாசகர் தரத்துக்கான விலை இல்லை இது. இங்கிலீஷ் பேப்பர் பெரும்பாலும் பிரிக்காமல், மடிப்புக் கலையாமல், ஈரம் படாமல் வரும். மடித்துக் கட்டவும் பை ஒட்டவும் முழுத்தாள் கிடைக்கும். தமிழ்ப் பேப்பர் கசங்கி, பென்சில் கோடு விழுந்து, ராசிபலன் கிழிக்கப்பட்டு வரும். எது அதிகம் படிக்கப்பட்டது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சர்வே வேலை

விற்பனையையும் வாசகர் எண்ணிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். எத்தனை பிரதி விற்றது என்று தணிக்கை செய்வது 1948-இல் தொடங்கிய ஏபிசி என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு. எத்தனை பேர் படித்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டது ஐஆர்எஸ் என்ற இந்திய வாசகர் கணக்கெடுப்பு; கடைசியாக வந்தது 2019-க்கானது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைக் கேட்டார்கள். ‘நேற்று படித்தேன்’ என்பது நாளிதழுக்கு ஒரு கணக்கு. ‘கடந்த ஒரு மாதத்தில் எப்போதாவது’ என்பது வேறு கணக்கு. தங்களுக்குப் பெரிதாக வரும் எண்ணை எடுத்து விளம்பரத்தில் போடுவார்கள். கீழே பொடி எழுத்தில் எந்தக் கணக்கு என்று இருக்கும், அதைப் படியுங்கள்.

வீட்டின் தரத்தையும் பேப்பரை வைத்து முடிவு செய்வதில்லை. முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, 11 பொருள் கொண்ட பட்டியலில் வீட்டில் எத்தனை இருக்கிறது, இந்த இரண்டுதான். கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். ‘எந்தப் பேப்பர் படிப்பீர்கள்?’ என்று வெறுமனே கேட்டால் கௌரவமான பெயர்தான் முதலில் வரும். பேப்பர் தலைப்பை அட்டையில் காட்டி, கடைசியாக எப்போது கையில் எடுத்தீர்கள், எங்கே என்று கேட்டால்தான் சலூனும் டீக்கடையும் வெளியே வரும்.

அச்சுக்கூடத்துப் பழைய ஆள்

எல்லாரும் முத்திரையை ஒரேயடியாகக் கழுவி ஊற்றுகிறீர்கள். அதற்கு வேர் இருக்கிறது. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்த ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் மனதில் வைத்தார். சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் உள்ள சொல், தூரத்திலிருந்து தெரியும் தலைப்பு. ஒருவர் சத்தமாகப் படித்தால் பத்துப் பேருக்குப் புரியும். படக்கதை கன்னித்தீவு 1960 முதல் ஓடுவதும் அந்த வழியில்தான். தினமணி 1934-இல் பாரதி நினைவு நாளில் வந்தது. தலையங்கத்துக்காகவே வாங்குகிறவர்களைச் சேர்த்தது. 1878-இல் தொடங்கிய இந்து இங்கிலீஷ் தெரிந்தவருக்கு மட்டும்தான். ஆக, பேப்பர்காரர்களே வாசகரை இப்படித்தான் பிரித்து வைத்தார்கள்.

அந்தப் பிரிவைக் குழப்பியதும் அவர்கள்தான். 2005-இல் தினகரன் சன் குழுமத்துக்குக் கைமாறி ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, ஏற்கெனவே ஒன்று வாங்கிய வீட்டிலும் கூடவே இதுவும் போனது. 2013-இல் இந்து குழுமமே தமிழில் நாளிதழ் கொண்டுவந்தது. அதை வாங்கியவர் மயிலாப்பூர் மாமாவா, தினமணி வாத்தியாரா?

லைன் ஏஜென்ட்

வாத்தியார்தான், எங்கள் பகுதியில். ஆனால் தினமணியை நிறுத்தவில்லை. அதன் ஞாயிறு பகுதியான தமிழ்மணிக்காக வைத்துக்கொண்டார்கள். இப்படி ஞாயிறு மட்டும் ஒரு பேப்பர் கூடுதலாகக் கேட்கிறவர்கள் மாதம் பிறப்பதற்கு நாலு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டு எண்ணிக்கை முன்னாடியே போய்விடும். சனிக்கிழமை ராத்திரி சொன்னால் கிடைக்காது.