ஒரே நூல், ஒரே சலவை: குரோஷே துண்டு மட்டும் ஏன் ஃபெல்ட் ஆகவில்லை?

கேள்வி:
ஃபெல்ட் செய்து பார்க்க (கம்பளியை வெந்நீரில் கசக்கிச் சுருக்கி, இழைகள் சிக்கிக்கொண்ட தடித்த துணியாக்க) ஒரே கம்பளி நூலில் 20 செ.மீ. சதுரமாக இரண்டு மாதிரித் துண்டுகள். ஒன்று 4.5 மி.மீ. ஊசியில் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (முன்பக்கக் கண்ணி, பின்பக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னியது. மற்றது 4.5 மி.மீ. கொக்கியில் சிங்கிள் குரோஷே (குட்டையான, நெருக்கமான கண்ணி). வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் சேர்த்தே போட்டதில், பின்னல் துண்டு உயரம் 13, அகலம் 16 ஆகி, கண்ணிகள் மறைந்துவிட்டன. குரோஷே 18-க்குக் கீழே இறங்கவில்லை; பலகை மாதிரி விறைத்து, கண்ணிகள் அப்படியே தெரிகின்றன. பின்னலின் நடுவே வேறு நூலில் போட்ட வெள்ளைக் கோடும் சுருங்காமல் உப்பி நிற்கிறது. இரண்டு விதமும் சேர்த்து ஒரு பை செய்ய வேண்டும். எதை மாற்றலாம்?

பதில் 1:
கொக்கியை மாற்றுங்கள். கம்பளி இழையின் மேல் நுனிப்பக்கம் சாய்ந்த செதில்கள் உண்டு. வெந்நீரிலும் சோப்பிலும் இளகிய இழை, கசக்கும்போது வேர்ப்பக்கமாக ஊர்ந்து போகும். செதில் அதைத் திரும்ப விடாது. ஊர்வதற்கு இடைவெளி வேண்டும். சிங்கிள் குரோஷேயில் அது முதலிலேயே இல்லை. 6.5 அல்லது 7 மி.மீ. கொக்கியில் ஹாஃப் டபுள் குரோஷே (சிங்கிளைவிடச் சற்று உயரமான கண்ணி) போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளிகள் தாராளமாகத் தெரிய வேண்டும், துணி தொளதொளவென்று அசிங்கமாகவே இருக்கும். அதைவிட உயரமான டபுள் குரோஷே வேண்டாம், ஓட்டைகள் முழுக்க மூடாது.

அளவுக்கு உங்கள் கணக்கே போதும். உயரம் 0.65, அகலம் 0.8 பங்காகியிருக்கிறது. 26 உயரம், 32 அகலம் வேண்டுமென்றால் 40-க்கு 40 பின்ன வேண்டும். குரோஷேக்குப் புதிய மாதிரி போட்டுத் தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டையும் தனித்தனியே ஃபெல்ட் செய்த பிறகு தைப்பதே நல்லது. முன்பே இணைத்தால் தையல் கோணிக்கொள்ளும்.

பதில் 2:
வெள்ளை நூலின் லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருக்கிறதா? அந்த நூலில் செதில்களைக் குளோரினால் மழுக்கியிருப்பார்கள், அல்லது மேலே பிசின் பூசியிருப்பார்கள். எத்தனை முறை துவைத்தாலும் பயனில்லை. வெளுத்த வெள்ளை நூல்களிலும் சில மெதுவாகத்தான் ஃபெல்ட் ஆகும். எரித்துப் பார்த்தால் கம்பளியா அக்ரிலிக்கா என்று தெரியும், சூப்பர்வாஷா என்று தெரியாது. அரை மீட்டர் நூலைச் சுருட்டி, வெந்நீரும் சோப்பும் விட்டு உள்ளங்கையில் சில நிமிடம் உருட்டுங்கள். பிரிக்க முடியாத உருண்டையானால் சேர்க்கலாம். (வேண்டுமென்றே உப்பல் வடிவம் கொண்டுவர இதே நூலைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.)

பதில் 3:
மெஷினைப் பற்றி. துண்டுகளை ஜிப் வைத்த உறையில் போடுங்கள், உதிரும் பஞ்சு வடிகட்டியை அடைத்துவிடும். கூடவே பழைய ஜீன்ஸ் போடலாம்; டவல் கூடாது, அதன் நூல் துகள்கள் கம்பளியில் பதிந்துவிடும். மேல்மூடி மெஷினில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முன்கதவு மெஷின் நடுவில் திறக்காது என்பதால் குறுகிய சலவையைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஸ்பின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், அதில் விழும் மடிப்புகளை எடுப்பது கடினம்.

கைப்பிடித் துளை வைத்தால் பருத்தி நூலால் தைத்து மூடிவிட்டு ஃபெல்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு அலை அலையாக விரியும். ஈரமாக இருக்கும்போதே பாலித்தீன் சுற்றிய அட்டைப்பெட்டியில் மாட்டி இழுத்துச் சரிசெய்து, அப்படியே காயவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வெள்ளை சூப்பர்வாஷ்தான். 18-இல் நின்ற குரோஷே துண்டை மறுபடி ஓட்டினால் இறங்குமா?

பதில் 1:
கொஞ்சம் இறங்கும், ஆனால் விறைப்புதான் கூடும். அதைப் பையின் அடித்தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.