கீல் ஸ்க்ரூ இறுகாமல் சும்மா சுத்துது, ஓட்டையை எப்படிச் சரிசெய்யலாம்?

செம்பூர்வாசி:
மும்பையில் வாடகை வீடு. படுக்கையறைக் கதவு ஃப்ளஷ் டோர் (ரெண்டு பக்கமும் பலகை ஒட்டின சமதளக் கதவு), நிலை மரம். மேல் கீலில் நிலைப்பக்கம் இருக்கிற நாலு ஸ்க்ரூவில் மூணு இறுக்க இறுக்கச் சுத்துது. கதவு கைப்பிடிப் பக்கம் இறங்கி தரையில் உரசுது, தாழ்ப்பாளும் ஓட்டையில் விழ மாட்டேங்குது. இப்போ இருப்பது 8-ம் நம்பர், 25 மி.மீ. ஸ்க்ரூ. தடிமனா 10-ம் நம்பர் போட்டா போதுமா? கதவைக் கழற்றணுமா?

உளிப்பிடி:
கழற்ற வேண்டாம். கதவைச் செங்கோணத்துக்குத் திறந்து, கைப்பிடிப் பக்க அடியில் பிளைவுட் துண்டுகளைச் செருகி எடையைத் தாங்க வையுங்க. மேல் கீலின் நிலைப்பக்க ஸ்க்ரூவை மட்டும் எடுத்துட்டு, தகட்டைக் கதவுப் பக்கம் மடக்கினா ஓட்டைகள் தெரியும். மற்ற கீல்களைத் தொடாதீங்க.

ஓட்டைக்குள் மாவாகிக் கிடக்கும் மரத்தூளைச் சுரண்டி எடுங்க. அதன் மேலேயே பசை விட்டா தூளில்தான் ஒட்டும், மரத்தில் ஒட்டாது. மூங்கில் பல்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து, இனி ஒண்ணும் நுழையாதுங்கிற வரை லேசாத் தட்டி இறக்குங்க. வெறும் ஃபெவிகாலால் ஓட்டையை நிரப்பக் கூடாது; காயும்போது சுருங்கி இடைவெளி விடும். 24 மணி நேரம் காயட்டும், மழைக்காலத்தில் இன்னொரு நாள் சேர்த்துக்கோங்க. நீட்டிக்கிட்டிருப்பதை பிளேடால் மட்டமா அறுத்து, நடுவில் 2.5 மி.மீ. துளை போட்டு ஸ்க்ரூவைக் கையால் முடுக்குங்க. மெஷினில் முடுக்கினா கடைசி அரைச் சுற்றில் புதுப் பிடிப்பும் போயிடும்.

நாக்தேவி_ஹார்டுவேர்:
10-ம் நம்பர் வேண்டவே வேண்டாம். கீல் தகட்டுக் குழியில் அதன் தலை உட்காராது, துருத்தி நிற்கும். கதவை மூடும்போது எதிர்த்தகடு அதில் முட்டி, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவை நெம்பும். அதே 8-ம் நம்பரில் 50 மி.மீ. நீளம் வாங்குங்க, நுனி பழுதில்லாத மரத்தில் ஏறும். இது நிலைப்பக்கத்துக்கு மட்டும். ஃப்ளஷ் டோரில் ஓரச்சட்டம்தான் கெட்டி மரம், அங்கே அவ்வளவு நீளம் வீண். கடல்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும், தலையும் படக்குனு முறியும்.

சுவருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை மரத்தில் திணிக்காதீங்க. விரிஞ்சு நிலையின் ஓரத்தைப் பிளந்துடும்.

மரத்தூள்:
ஓட்டை பென்சில் நுழையற அளவு சிதைஞ்சிருந்தா பல்குச்சி நிக்காது. 10 மி.மீ. துளை போட்டு, அதே அளவு தேக்கு உருளைக் குச்சியைப் பசையோடு அடிச்சு இறக்கணும். குச்சியின் நார் ஸ்க்ரூ போகும் திசையிலேயே ஓடுவதால் பிடிப்பு கொஞ்சம் குறைவு. நீள ஸ்க்ரூ குச்சியைத் தாண்டிப் போகணும்.

ஒண்ணு முக்கியம். மழையில் கதவு ஊதி தாழ்ப்பாள் பக்கம் நிலையில் இடிக்குதான்னு பாருங்க. இடிச்சா, அழுத்தி மூடும் விசை எல்லாம் கீல்மேல்தான் விழும், இந்த வேலை நிலைக்காது. மூடிய கதவு இடுக்கில் ஒரு தாளை இழுத்துப் பாருங்க. சிக்கும் இடத்தில் 1-2 மி.மீ. இழைத்து, வெளிப்பட்ட மரத்துக்கு உடனே பெயிண்ட் அடிச்சுடுங்க.

செம்பூர்வாசி:
நன்றி. டிரில் மெஷின் இல்லை. வேற வழி?

உளிப்பிடி:
ஸ்க்ரூவை விட மெல்லிய ஆணியை 20 மி.மீ. அடிச்சுப் பிடுங்குங்க, துளை ரெடி. ஸ்க்ரூ புரியில் மெழுகு தேய்ச்சா சுலபமா ஏறும்.