பின்னங்காலில் முள்கம்பிக் காயம்: மஞ்சள் அப்பி இறுகிய புண்ணை எப்படிக் கழுவுவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்)

வணக்கம். சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய எங்கள் கத்தியவார் பெட்டைக் குதிரை, மூன்று நாள்களுக்கு முன் தோட்டத்து முள்கம்பி வேலியில் பின்னங்காலை மாட்டிக்கொண்டது. முட்டிக்கு நான்கு விரற்கடை கீழே, ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து தொங்குகிறது. நான் ஊரில் இல்லாதபோது வீட்டிலிருந்தவர்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிவிட்டார்கள். அது முடியோடு சேர்ந்து ஓடுபோல் இறுகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறார் ஒருவர். அப்படிச் செய்யலாமா? கட்டுப் போட வேண்டுமா, காற்றாட விட வேண்டுமா? முன்பு வைத்திருந்தவர் டெட்டனஸ் ஊசி போட்டாரா என்பதும் தெரியவில்லை.

பதில் (இருபது ஆண்டுகளாகக் குதிரை வளர்ப்பவர்)

தம்பி, பெராக்சைடு வேண்டாம். அந்த நுரை அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, புதிதாகத் துளிர்க்கும் சதையையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். சுண்ணாம்பும் அதே கேட்டைத்தான் செய்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். இறுகியதைப் பிய்த்தெடுக்காமல், அந்த நீரில் நனைத்த காஸ் துணியை அதன்மேல் கால்மணி நேரம் வைத்திருந்தால் அது தானாக இளகி வரும். பிறகு புண்ணை ஈரக் காஸால் மூடிக்கொண்டு சுற்றியுள்ள முடியைக் கத்தரியுங்கள். மூடாமல் கத்தரித்தால் வெட்டிய முடி முழுவதும் புண்ணுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு. அதன்பின் பெரிய ஊசிக்குழலில் உப்புநீரை எடுத்து, மேலிருந்து கீழாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்க வேண்டாம், இழைகள் உள்ளே தங்கிவிடும். கடைசியாக 5 சதவீதப் பொவிடோன் அயோடினை லிட்டருக்கு 20 மில்லி வீதம் கலந்து, வெளிறிய தேநீர் நிறத்தில் ஒருமுறை ஊற்றினால் போதும். புட்டியிலிருந்து அப்படியே ஊற்றுவதும் சதைக்குக் கெடுதல்.

கம்பத்தில் கட்டிவைத்துக் கழுவாதீர்கள். தலைக்கயிற்றைப் பிடிப்பவரும் கழுவுபவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரை மிரண்டால் பிடிப்பவர் அதன் தலையைத் தம் பக்கம் இழுப்பார், பின்கால்கள் உங்களை விட்டு விலகிப் போகும்.

பதில் (கால்நடை மருத்துவர்)

கழுவும் முறையைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால், இந்தப் புண்ணில் எனக்குக் கவலை தருவது அதன் இடம். முட்டிக்கு அருகில் ஏற்படும் காயம், வெளியே சிறிதாகத் தெரிந்தாலும், மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ இறங்கியிருக்கலாம். புண்ணிலிருந்து மஞ்சள் நிறத்தில், விரல்களுக்கிடையே நூல்போல் இழுபடும் நீர் கசிந்தாலோ, குதிரை அந்தக் காலை ஊன்ற மறுத்தாலோ, நாளை வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரை வரவழையுங்கள். வெப்பநிலையைக் காலையும் மாலையும் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது.

டெட்டனசுக்கு, நம் பக்கத்தில் இரண ஜன்னி என்பார்களே, அதற்குக் குதிரையைப் போல எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை. அதன் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நிலையில், போடவில்லை என்றே கொண்டு, எதிர்ப்பு மருந்தையும் தடுப்பூசியையும் உடலின் வெவ்வேறு இடங்களில் போட்டுவிட வேண்டும். நடை விறைப்பதும், கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை எட்டிப்பார்ப்பதும் அதன் தொடக்க அறிகுறிகள்.

தையல் போடும் நேரம் கடந்துவிட்டது. முன்னங்காலில் முழங்காலுக்கும் பின்னங்காலில் முட்டிக்கும் கீழே தசை இல்லை, இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே புண் மூடுவதற்குள் சிவந்த சதை தோல் மட்டத்தைத் தாண்டிப் புடைத்து வளர்ந்து, தோல் மேலேறாமல் தடுத்துவிடும். அப்படிப் புடைத்தால் துருசு, அதாவது மயில்துத்தம், வைத்து எரிக்காதீர்கள். மருத்துவர் அதைச் செதுக்கிவிடுவார், அதற்கு வலியுணர்ச்சி கிடையாது. ஒட்டாத காஸ், அதன்மேல் கனமான பஞ்சு, அதன்மேல் சீராகச் சுற்றிய கிரேப் துணி என்று கட்டி, இரண்டு நாள்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பஞ்சு மெலிந்து துணி இறுகினால் தசைநாண் கெடும்.

பதில் (ஈரோடு)

ஈக்களை மறக்காதீர்கள். வேப்பெண்ணெயைக் கட்டுக்கு மேலும் கீழும் தோலில் மட்டும் தடவுங்கள். புண்ணில் படக் கூடாது. லாயத்துச் சாணத்தை இரண்டு வேளையும் அள்ளிவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை மருத்துவர் வந்து இரண்டு ஊசிகளும் போட்டார். மூட்டில் இறங்கவில்லை என்றார். ஓடு இளகியதும் தோல் மடிப்புக்கு அடியில் அரிசியளவு துருப்பிடித்த கம்பித் துணுக்கு ஒன்று இருந்தது. இன்று காலை வெப்பநிலை 38.1, காலை ஊன்றி நின்று கொள்ளைத் தின்றது. அந்த வேலியைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.